ஜேம்ஸ் ஸ்டூவர்ட்: போருக்கு முன், போருக்குப் பின்

#1 மேட்னி மணி

நேற்று ராத்திரி வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு ‘இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்’ (1946) மறுபடி போட்டேன். வானதூதர் வந்து காப்பாற்றும் குடும்பப் படம் என்றுதான் ஊரே சொல்கிறது. எனக்கோ ஒவ்வொரு தடவையும் மார்டினியின் மதுக்கடை வந்ததும் தொண்டை அடைக்கிறது.

கையில் காசில்லை, கைது வாரண்ட் வரப்போகிறது, கிறிஸ்துமஸ் ராத்திரி. ஹாலிவுட் நடிகர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் நடித்த ஜார்ஜ் பெய்லி பாரில் உட்கார்ந்து, ஜெபம் செய்து பழக்கமில்லாத ஆள் ஜெபம் செய்கிற மாதிரி முணுமுணுக்கிறான். கோர்த்த கைகள் நடுங்குகின்றன. கண் நிறைந்து வழிகிறது. அழுகையை எழுதிக் கொடுத்து நடிக்க வைக்கவில்லை, அந்த வசனத்தைச் சொல்லும்போது தானாக வந்துவிட்டது என்று ஸ்டூவர்ட்டே பின்னாளில் சொல்லியிருக்கிறார். இயக்குநர் ஃபிராங்க் காப்ரா கேமராவைத் தள்ளி வைத்திருந்தார். இன்னொரு டேக் எடுத்தால் அது வராது என்று இருவருக்கும் தெரியும். அதனால் லேபில் ஃபிரேம் ஃபிரேமாகப் பெரிதாக்கி க்ளோசப் ஆக்கினார்கள்.

இரண்டாம் உலகப் போர் முடிந்து வந்த மனுஷனின் முதல் படம் அது. 1941க்கு முன்னால் இருந்த ஸ்டூவர்ட்டிடம் இந்த அழுகை கிடையாது என்பது என் கட்சி. மற்றவர்கள் என்ன சொல்கிறீர்கள்?

#2 கொடுக்காப்புளி

மணி அண்ணே, எனக்கு இந்த ஆளைப் பிடிக்கும். ஆனால் பெரிய நடிகர் என்று ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை. எந்தப் படத்திலும் அதே இழுவைப் பேச்சு, அதே திக்கல், ஆறடி மூன்று அங்குல உடம்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவிக்கிற அதே நடை. ஜேம்ஸ் ஸ்டூவர்ட் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டாக வந்து போகிறார். இதில் போருக்கு முன் என்ன, பின் என்ன?

#3 டென்ட்கொட்டாய்

புளி தம்பி, அந்த நடையும் பேச்சும் ஊரிலிருந்து வந்தது. பென்சில்வேனியாவில் இண்டியானா என்ற சின்ன ஊர். 1908இல் பிறந்தார். அப்பா அலெக்ஸுக்கு ஹார்டுவேர் கடை, ஆணி பெயிண்ட் கயிறு வியாபாரம். மகன் பிரின்ஸ்டனில் கட்டடக்கலை படித்து 1932இல் பட்டம் வாங்கினான். பொருளாதார மந்தம், கட்டடம் கட்ட ஆள் இல்லை. கோடை நாடகக் குழுவில் ஒட்டிக்கொண்டவர் 1935இல் எம்ஜிஎம் ஸ்டூடியோவுக்குப் போனார். ஹென்றி ஃபோண்டா அந்த நாடக நாட்களிலேயே அறைத்தோழர்.

‘தி ஃபிலடெல்ஃபியா ஸ்டோரி’க்கு ஆஸ்கர் கிடைத்த கதை தெரியுமல்லவா? அன்று அதிகாலையிலேயே அப்பாவிடமிருந்து போன் வந்துவிட்டது. ஏதோ பரிசு கொடுத்தார்களாமே, கேடயமா என்ன அது, அனுப்பி வை, கடை ஜன்னலில் வைக்கிறேன் என்றாராம். அனுப்பியும் வைத்தார். ஆஸ்கர் சிலை இருபது வருஷம் போல அந்தக் கடையில்தான் நின்றது. ஆணி வாங்க வந்தவர்கள் எல்லாம் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அந்த ஆஸ்கர் வாங்கிய அடுத்த மாதமே, 1941 மார்ச்சில், சாதாரண சிப்பாயாகச் சேர்ந்துவிட்டார். அதற்கு முன் ஒரு தடவை எடை போதவில்லை என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். அமெரிக்காவைப் போருக்குள் இழுத்த பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்கு இன்னும் ஒன்பது மாதம் இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

#4 மேட்னி மணி

நன்றி டென்ட். விட்ட இடத்திலிருந்து நான் தொடர்கிறேன், ஏனென்றால் என் கட்சிக்கு இதுதான் சாட்சி.

அவருக்கு ஏற்கெனவே விமானம் ஓட்டும் உரிமம் இருந்தது. வயசு 33ஐ நெருங்குகிறது, போர் விமானிக்கு அது கிழட்டு வயசு. பயிற்சி கொடுக்கும் வேலையிலும் விளம்பரத்திலும் வைத்துக்கொள்ளத்தான் மேலிடத்துக்கு ஆசை. மல்லுக்கட்டி 1943 கடைசியில் இங்கிலாந்தின் டிபென்ஹம் தளத்துக்குப் போனார். 445ஆவது குண்டுவீச்சுக் குழு, பி-24 லிபரேட்டர் விமானங்கள். ஒரு ஸ்க்வாட்ரனுக்கே தலைவர். கிளம்பும்போது அப்பா பைபிளின் 91ஆம் சங்கீதத்தைக் கடிதத்தோடு வைத்துக் கொடுத்திருந்தார். அதைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார்.

1944 பிப்ரவரி 24. அவருடைய குழு ஜெர்மனியில் கோத்தா நகரத்தின் விமானத் தொழிற்சாலையைத் தாக்கப் போனது. அன்று ஒரே நாளில் 13 விமானங்கள் திரும்பவில்லை. ஒரு விமானத்தில் பத்துப் பேர் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அன்று ஸ்டூவர்ட் போகவில்லை. மறுநாள் ஃபூர்த் நகரத்துக்குப் போனார். தரையிலிருந்து சுட்ட குண்டு விமானத்தின் அடியில் வெடித்து, அவர் காலடியிலேயே தரை ஓட்டையானது. அந்த ஓட்டையோடு குளிரில் திரும்பி வந்தார். முந்தைய நாள் காலியான படுக்கைகள், இன்று இது.

மொத்தம் 20 தாக்குதல்கள். நாலே வருஷத்தில் சிப்பாயிலிருந்து கர்னல். திரும்பி வந்தபோது முகத்தில் பத்து வயசு கூடியிருந்தது. பட விளம்பரத்தில் என் போர்க்கதையைச் சொல்லக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கினார். நடிப்பையே விட்டுவிடலாமா என்று யோசித்தவரை, படத்தில் வில்லனாக வரும் லயனல் பேரிமோர்தான் பேசித் தேற்றினார் என்பார்கள். இப்போது அந்த பார் காட்சியைப் பாருங்கள் புளி.

#5 கொடுக்காப்புளி

அண்ணே, அந்த 13 விமானக் கணக்கு மனசைப் பிசைகிறது, அதில் தகராறு இல்லை. ஆனால் எல்லாவற்றையும் போர்க் கணக்கில் எழுதுவது எனக்கு ஒப்பவில்லை.

‘மிஸ்டர் ஸ்மித் கோஸ் டு வாஷிங்டன்’ 1939. போருக்கு முன்னால். செனட்டில் விடிய விடியப் பேசுகிற காட்சியில் தாடி முளைத்து, குரல் கிழிந்து, தந்திக் காகிதக் குவியலுக்கு நடுவில் விழுகிறானே, அது உடைந்த மனுஷன் இல்லையா? அந்தக் கிழிந்த குரலுக்காக ஒரு டாக்டரை வைத்துத் தொண்டையில் பாதரச மருந்தைத் தடவிக்கொண்டார். அதாவது குரல் உடைவதைத் திட்டம் போட்டு வரவழைத்த ஆள். அப்புறம் 1946இல் மட்டும் ‘தானாக வந்தது’ என்றால் நம்பிவிட வேண்டுமா? நடிகர்கள் பேட்டியில் ஆயிரம் சொல்வார்கள்.

#6 மலர்விழி கே

புளி, இந்தத் தடவை உன் பக்கம் கொஞ்சம் சாய்கிறேன், முழுசாக இல்லை.

ஸ்மித்திடம் இருப்பது தோற்றுக்கொண்டிருக்கும் நல்லவனின் ஆத்திரம். பார்க்கிற நமக்கு அவன் மேல் பயம் வராது. பயம் வருவது 1950இல், ‘வின்செஸ்டர் ’73’இல். மதுக்கடையில் டான் டுரியேயா கேலி பேசிக்கொண்டு நிற்பார். ஸ்டூவர்ட் திடீரென்று அவர் கையை முறுக்கி, தலையை மேஜையில் அமுக்குவார். அந்த நேரம் அந்த முகத்தைப் பாருங்கள். கண் பிதுங்கி, பல் தெரிந்து, இந்த ஆள் இப்போதே கொன்றுவிடுவான் என்று தோன்றும். கதாநாயகன் முகம் அது!

இயக்குநர் ஆண்டனி மேன் அதைப் பிடித்துக்கொண்டார். இருவரும் சேர்ந்து எட்டுப் படம், அதில் ஐந்து கௌபாய் படம். ‘தி நேக்கட் ஸ்பர்’ முடிவில் பரிசுப் பணத்துக்காகப் பிணத்தை இழுத்துக்கொண்டு அழுகிறானே, அது மாதிரி அசிங்கமான அழுகையை அந்தக் காலத்து வேறு எந்தப் பெரிய ஹீரோ அழுதான்? ‘தி மேன் ஃப்ரம் லாரமி’யில் ஆட்கள் பிடித்துக்கொள்ள, உள்ளங்கையில் துப்பாக்கியை வைத்துச் சுடுவார்கள். சுட்ட கையைக் கேமரா காட்டாது. முகத்தை மட்டும் காட்டும். நான் அந்த இடத்தில் கையை மடியில் ஒளித்துக்கொண்டேன்.

என் கணக்கு இப்படி: சரக்கு முன்பே இருந்தது, போர் மூடியைத் திறந்தது, மேன் ஊற்றிக் கொடுத்தார்.

#7 கணக்குப்பிள்ளை

‘வின்செஸ்டர் ’73’ பேச்சு வந்ததால் நானும் தலையை நீட்டுகிறேன். நடிப்பு விஷயம் எனக்குத் தெரியாது, துட்டு விஷயம் தெரியும்.

யுனிவர்சல் ஸ்டூடியோவுக்கு அவர் வேண்டும். அவர் சம்பளம் 2 லட்சம் டாலர், ஸ்டூடியோவால் முடியவில்லை. அவருடைய ஏஜெண்ட் லூ வாஸர்மன் ஒரு யோசனை சொன்னார்: கையில் சம்பளம் வேண்டாம், லாபத்தில் பங்கு கொடு. படம் ஓடியது, ஸ்டூவர்ட்டுக்குச் சுமார் 6 லட்சம் டாலர் வந்தது. அப்போது அங்கே மேல்தட்டு வருமான வரி 90 சதவீதத்தை ஒட்டி இருந்தது. மொத்தமாகச் சம்பளம் வாங்கினால் அரசாங்கமே கொண்டுபோய்விடும். பங்கு என்றால் வருஷா வருஷம் பிரித்து வாங்கலாம்.

பங்கு வாங்கிய முதல் ஆள் இவர் இல்லை. ஆனால் இவருக்கு இப்படிக் கொட்டியதைப் பார்த்துத்தான் மற்ற நடிகர்கள் வரிசையாகக் கேட்க ஆரம்பித்தார்கள். மாதச் சம்பளத்துக்கு ஏழு வருஷம் கட்டிப்போடும் பழைய ஸ்டூடியோ முறைக்கு அங்கேதான் ஆணி அறைந்தார்கள். ஹார்டுவேர் கடைக்காரர் மகன் அல்லவா.

#8 அரட்டை ராஜா

சீரியஸாகப் போகிறது, மன்னிக்கவும். இவர் கல்கத்தாவிலிருந்து பனிமனிதனின் விரலைக் கடத்தினார் என்று ஒருவர் சொன்னார். ரீல்தானே?

#9 டென்ட்கொட்டாய்

ரீல் இல்லை ராஜா. எனக்கு இந்த இழையில் மிகப் பிடித்த கேள்வி இதுதான்.

1950களில் டாம் ஸ்லிக் என்ற டெக்சாஸ் எண்ணெய்ப் பணக்காரர் ‘எட்டி’ என்கிற பனிமனிதனைத் தேடி இமயமலைக்கு ஆட்களை அனுப்பினார். நேபாளத்தின் பாங்போச்சே மடத்தில் ‘எட்டியின் கை’ என்று ஒன்றைப் பாதுகாத்து வைத்திருந்தார்கள். 1959இல் பீட்டர் பர்ன் என்பவர் அதிலிருந்து விரலை எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் மனித விரல் எலும்பைக் கட்டி வைத்துவிட்டு, எல்லை தாண்டி இந்தியாவுக்கு வந்தார். லண்டனுக்கு எப்படி அனுப்புவது? அப்போது ஸ்டூவர்ட்டும் மனைவி குளோரியாவும் கல்கத்தாவில் தங்கியிருந்தார்கள். இரண்டு பக்கத்துக்கும் பொதுவான நண்பர் ஒருவர் வழியாகப் பேச்சு நடந்து, குளோரியாவின் உள்ளாடைப் பெட்டிக்குள் விரல் போனது. ஒரு சீமாட்டியின் உள்ளாடையை எந்த பிரிட்டிஷ் சுங்க அதிகாரியும் கிளற மாட்டான் என்ற நம்பிக்கை. பலித்தது.

2011இல் எடின்பரோவில் டிஎன்ஏ பார்த்தார்கள். மனித விரல்.

மடத்துக்காரர்கள் பக்கம் நின்று பார்த்தால் இது திருட்டுதான். அதையும் சொல்லிவிடுகிறேன்.

#10 நெறியாளர்

விரல் போதும். படத்துக்கு வாருங்கள்.

#11 வக்கீல் குமாஸ்தா

நெறியாளர் கோபிக்க வேண்டாம், நான் படத்தோடு வழக்கையும் கொண்டு வருகிறேன். மணி சாரின் பார் காட்சியை உலகம் பார்த்ததற்கே ஒரு காப்புரிமை மறதிதான் காரணம்.

‘இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்’ வந்தபோது ஓடவில்லை. 30 லட்சம் டாலருக்கு மேல் செலவு, போட்ட காசு தேறவில்லை. காப்ராவின் சொந்தக் கம்பெனியே கைமாறியது. அந்தக் காலச் சட்டப்படி 28 வருஷத்தில் காப்புரிமையைப் புதுப்பிக்க வேண்டும். 1974இல் யாரும் புதுப்பிக்கவில்லை. காசு கொடுக்க வேண்டாம் என்றதும் அமெரிக்காவின் டிவி நிலையங்கள் எல்லாம் கிறிஸ்துமஸ் வந்தால் இதைப் போட்டுத் தேய்த்தன. அப்படித்தான் தோல்விப் படம் ஊர்ச் சொத்தானது.

இப்போது அடுத்த முடிச்சு. ‘ரியர் விண்டோ’ (1954) ஸ்டூவர்ட், இயக்குநர் ஹிட்ச்காக் இருவருக்கும் பங்குள்ள படம். மூலக்கதை எழுதிய கார்னல் வூல்ரிச் காப்புரிமைப் புதுப்பிப்புக்கு முன்பே 1968இல் இறந்துவிட்டார். ஷெல்டன் அபெண்ட் என்பவர் கதையின் உரிமையை வெறும் 650 டாலருக்கு வாங்கி, என் கதையை வைத்து நீங்கள் இன்னமும் எப்படிப் படம் காட்டலாம் என்று வழக்குப் போட்டார். உச்ச நீதிமன்றம் வரை போய் 1990இல் அபெண்ட் ஜெயித்தார். சட்டக் கல்லூரிகளில் அந்த வழக்கின் பெயரே ‘ஸ்டூவர்ட் எதிர் அபெண்ட்’. பிரதிவாதி நம்ம ஆள்!

அந்தத் தீர்ப்பைப் பிடித்துக்கொண்டுதான் ரிபப்ளிக் கம்பெனி 1993இல், படம் பொதுச்சொத்தாக இருக்கலாம், மூலக்கதை எங்களிடம் இருக்கிறது என்று ‘வொண்டர்ஃபுல் லைஃப்’ படத்தை டிவிக்காரர்களிடமிருந்து மீட்டது. தன்னுடைய ஒரு படத்துக்காகத் தோற்ற வழக்கு, இன்னொரு படத்தின் இலவசக் கல்யாணச் சாப்பாட்டை நிறுத்தியது.

#12 மலர்விழி கே

குமாஸ்தா சார், இது எனக்குப் புதுசு. பிரமாதம்.

ஹிட்ச்காக் பேச்சு வந்ததால், ‘வெர்டிகோ’ (1958). மணி சார், உங்கள் கட்சியின் கடைசி வீடு அது. ஊருக்கே பிடித்த நல்ல மனுஷனைக் கொண்டுபோய், ஒரு பெண்ணை இந்த உடை போடு, இந்த நிறத்தில் முடியை மாற்று, கொண்டையை இப்படிப் போடு என்று வதைக்க வைக்கிறார். வில்லன் முகம் இருந்த நடிகர் செய்திருந்தால் நாம் முதல் காட்சியிலேயே விலகியிருப்போம். இவர் என்பதால் பாதிக் கிணறு வரை கூடவே போகிறோம்.

அன்றைக்குச் சுமாராகத்தான் ஓடியது. ஸ்டூவர்ட்டுக்கு வயசாகிவிட்டது என்று ஹிட்ச்காக் குறைப்பட்டதாகச் சொல்வார்கள். நாலு படம் சேர்ந்து செய்தவர்கள் அதற்குப் பிறகு சேரவே இல்லை. 2012இல் ‘சைட் அண்ட் சவுண்ட்’ பத்திரிகை விமர்சகர்களிடம் வாக்கெடுத்தபோது அதே படம் முதலிடம்.

#13 டென்ட்கொட்டாய்

1959இல் ‘அனாடமி ஆஃப் எ மர்டர்’. கோர்ட்டில் பெண்ணின் உள்ளாடை பற்றிப் பேசுகிற படம் என்று கேள்விப்பட்டு, அப்பா அலெக்ஸ் உள்ளூர்ப் பத்திரிகையில் காசு கொடுத்து விளம்பரம் போட்டார், என் மகன் படத்தைப் பார்க்காதீர்கள் என்று. அதே அப்பாதான் ஆஸ்கரை ஜன்னலில் வைத்தவர். மகனுக்கு அந்தப் படத்துக்கு வெனிஸ் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது.

அப்புறம் குதிரை. பை என்று ஒரு குதிரை, இருபது வருஷம் போல இவருடைய கௌபாய் படங்களில் அதுதான். விலைக்குக் கேட்டார், உரிமையாளர் தரவில்லை. ‘தி ஃபார் கன்ட்ரி’யில் அது ஆள் இல்லாமல், சேணத்தில் மணி கிணுகிணுக்க, தெருவில் தனியாக நடந்து போக வேண்டும். ஸ்டூவர்ட் அதன் காதில் ஏதோ சொன்னார், ஒரே டேக்கில் நடந்து முடித்தது. பைக்குக் கடைசிக் காலம் வந்தபோது, அரசியலில் இவருக்கு நேர் எதிர்த் துருவமான ஹென்றி ஃபோண்டா அதை ஓவியமாக வரைந்து பரிசு கொடுத்தார். இருவரும் ஒருமுறை அரசியல் பேசி முட்டிக்கொண்டு, இனி அதைப் பேசுவதே இல்லை என்று முடிவெடுத்து, உட்கார்ந்து பொம்மை விமானம் ஒட்டினார்கள்.

#14 கொடுக்காப்புளி

சரி, அரசியல் என்றதும் கேட்கிறேன். வியட்நாம் போரை ஆதரித்த ஆள்தானே? அதையும் சேர்த்துப் பேசுவோமே. நல்லதையே அடுக்கிக்கொண்டு போகிறோம்.

#15 மேட்னி மணி

நியாயமான கேள்வி. ஆமாம், ஆதரித்தார். போருக்குப் பிறகும் ரிசர்வ் படையில் இருந்தார். 1957இல் ஜெனரல் பதவிக்குப் பெயர் போனபோது, பயிற்சி போதாது என்று எதிர்த்து நிறுத்தியவர் மார்கரெட் சேஸ் ஸ்மித் என்ற செனட்டர். செனட்டர் ஸ்மித்தாக நடித்துப் பேர் வாங்கியவரை ஒரு நிஜ செனட்டர் ஸ்மித் மடக்கினார். 1959இல்தான் பிரிகேடியர் ஜெனரல் ஆனார். 1966 பிப்ரவரியில் வியட்நாம் மேலே பறந்த பி-52 குண்டுவீச்சு விமானத்தில் பார்வையாளராக உட்கார்ந்து போயும் வந்தார்.

1969 ஜூனில் அதே வியட்நாமில் குளோரியாவின் மூத்த மகன் ரொனால்ட், கடற்படைக் காலாட்படை லெப்டினன்ட், 24 வயதில் கொல்லப்பட்டான். ஸ்டூவர்ட் ஐந்து வயதிலிருந்து தன் பிள்ளையாக வளர்த்த பையன். அதற்குப் பிறகும் அவர் தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. எனக்கு அது புரியவில்லை. புரிந்த மாதிரி எழுதவும் மாட்டேன்.

1994இல் குளோரியா போனார். அதோடு வெளியே வருவதைக் குறைத்துக்கொண்டார். 1997 ஜூலை 2இல் இவரும் போனார், வயது 89. முதல் நாள்தான் ராபர்ட் மிட்சம் போயிருந்தார்.

#16 அரட்டை ராஜா

இப்படி ஒரு இழையில் வந்து விரலைக் கேட்டேனே என்று இருக்கிறது.

#17 கொடுக்காப்புளி

இல்லை ராஜா, விரல் இல்லாமல் இந்த இழை முழுசாகாது.

மணி அண்ணே, நேற்று அந்த பார் காட்சியை மட்டும் போட்டு, நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். நீங்கள் சொன்ன இடத்தில் படம் சட்டென்று பொரிப்பொரியாக ஆகிறது. முன் ஷாட் பளிச்சென்று இருக்கிறது, முகம் கிட்டே வர வர மணல் தூவின மாதிரி. பெரிதாக்கியது கண்ணுக்கே தெரிகிறது. அப்படியானால் கேமரா அங்கே இல்லை, க்ளோசப்புக்கு யாரும் தயாராக இல்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். அது போரால் வந்ததா என்பதை மட்டும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

#18 மேட்னி மணி

போதும் தம்பி. இன்று ராத்திரி ‘நேக்கட் ஸ்பர்’ போடு, நாளைக்குப் பேசுவோம்.